தொப்புள்கொடி அறுபடும் முன்

கருவிலிருக்கும் குழந்தையின் கழுத்தில் வளரும் டெரட்டோமா கட்டி, 20,000 முதல் 40,000 பிறப்புகளில் ஒன்றில்தான் காணப்படுகிறது. தோல், குருத்தெலும்பு, நரம்புத் திசு என எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பெரும்பாலும் அது புற்று அல்ல. உயிருக்கு உலை வைப்பது அது இருக்கும் இடம். நஞ்சுக்கொடி வழியே பிராணவாயு வரும்வரை மூச்சுக்குழாய் நசுங்கியிருந்தாலும் கேடில்லை. கொடியை அறுத்ததும் குழந்தை திணறும்.

அதை முன்கூட்டியே அறிய நெடுங்காலம் வழியில்லை. ஊரப்பாக்கம் போன்ற செங்கல்பட்டு வட்டாரக் கிராமங்களில் வீட்டில் பேறு பார்த்த மருத்துவச்சிக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே தடயம், மாதக் கணக்கை மீறிய வயிறு. கட்டி தொண்டையை நெருக்குவதால் குழந்தை பனிக்குட நீரை விழுங்க முடியாமல் நீர் பெருகிவிடும். இரட்டைப் பிள்ளை என்றே எவருக்கும் தோன்றும். 1844இல் தொடங்கி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் அன்று தொட்டுப் பார்ப்பதே சோதனை. 1965இல் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி வந்தபோதும் வயிற்றுக்குள்ளிருந்த கட்டி கண்ணுக்கு எட்டவில்லை.

கிளாஸ்கோவில் அயன் டொனால்டு 1958இல் வெளியிட்ட மீயொலிப் படங்களே அதை மாற்றத் தொடங்கின. சென்னையில் மருத்துவர் எஸ். சுரேஷின் மெடிஸ்கேன் கருநிலை ஸ்கேனை வளர்த்த முன்னோடி மையம். இன்று ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடலாம்: வானத்தைப் பார்ப்பதுபோல் தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கும், தாடைக்கும் மார்புக்கும் நடுவே நீரும் சதையுமாக ஒரு திரள், அதில் வெண்புள்ளிகளாகச் சுண்ணாம்புப் படிவு.

தெரிந்தால் மட்டும் போதுமா? விடை சான்பிரான்சிஸ்கோவில், வேறொரு நோய்க்கான சிகிச்சையிலிருந்து வந்தது. உதரவிதானத்தில் ஓட்டையுள்ள கருக்களுக்கு மூச்சுக்குழாயில் இட்ட கிளிப்பைப் பிறக்கும்போது எடுக்க, மைக்கேல் ஹாரிசன் குழுவினர் 1990களில் ‘எக்ஸிட்’ முறையை உருவாக்கினார்கள். சிசேரியனில் தலையும் தோளும் மட்டும் வெளியே வரும், கொடி அறுக்கப்படாது. தளர்ந்த கருப்பையிலிருந்து நஞ்சுக்கொடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் குழந்தையைக் காக்கும். அதற்குள் மூச்சுக்குழாயில் டியூப் செலுத்த வேண்டும். முடியாவிட்டால் கழுத்தில் துளையிட வேண்டும். பிரசவ, மயக்க, குழந்தை அறுவை மருத்துவர்கள் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும் வேலை இது. ஆகவே பேறு எங்கே என்பதை முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஊரப்பாக்கத்தில் நிற்கும் மின்ரயிலின் தடம் தெற்கே செங்கல்பட்டு, வடக்கே எழும்பூர் என இரு பெரிய அரசு மருத்துவமனை ஊர்களையும் இணைக்கிறது.

பிறந்தபின் கட்டியை அறுத்தெடுக்கிறார்கள். தைராய்டும் அதோடு போய்விட்டால் ஹார்மோன் மாத்திரை வாழ்நாள் முழுதும் வேண்டும். கட்டி திரும்புகிறதா என்று சில ஆண்டுகள் ரத்தப் பரிசோதனையும் தொடர்கிறது.