பறியும் தூண்டிலும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவை மலைக்கு மேலே, வாசலூர்பட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளை என் வயிறு தாங்குமா என்பதுதான். தாங்கிவிட்டது. இன்று காலை படகு இல்லத்துப் பக்கம் போய் ஏரிக்கரையில் நின்றேன். ஒருபுறம் படகுச் சீட்டு வாங்க வெளியூர்க்காரர்கள் நின்றார்கள். மறுபுறம், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், மூங்கில் குச்சியில் நரம்பு கட்டித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான் ஒரு பையன். பத்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. காலில் செருப்பும் கையில் பையுமாக ஒரு வெளியாள் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

எழுதிக்கொண்டு வந்திருந்த உரையின் தொடக்கத்தை அவனுக்காக மாற்றினேன். ஆற்று மீன் எப்போது, யாருக்கு, எந்தக் கருவியால் குற்றம் ஆனது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாறு.

இந்த மலையில் மீனுக்கு உள்ள சட்டங்களில் மூத்தது அறப்பளீசுவரர் கோயிலுடையது. கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் மீன் பிடிக்கக் கூடாது. யாரோ பிடித்து, அறுத்து, குழம்பில் போட்டார்களாம். அறுபட்ட துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, துள்ளி, ஆற்றுக்கே ஓடிவிட்டனவாம். நான் பக்தன் இல்லை. ஆனாலும் இந்தக் கதையைச் சட்டமாக வாசித்துப் பார்க்கிறேன். தடை ஒரு துறைக்கு மட்டும்தான். காவலாள் இல்லை, அபராதம் இல்லை, பறிமுதல் இல்லை. கதையே காவல் காத்தது. தவறு செய்தவருக்கு நேர்ந்த தண்டனையும் அன்றைய குழம்பு போனது மட்டும்தான். பின்னால் வந்த அரசுகள் இவ்வளவு மென்மையாக நடந்துகொள்ளவில்லை.

1860-களுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்த ஃபிரான்சிஸ் டே இந்திய மீன்களை வகைப்படுத்தியதில் முதன்மையானவர். நீலகிரி ஓடைகளில் ஐரோப்பிய டிரௌட் மீனைக் கொண்டுவந்து விட முயன்றவரும் அவரே. 1873-இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றிய அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதே 1873-இல் சென்னை சிவில் பணியைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றிய தன் நூலை மங்களூரில் அச்சிட்டார். இரண்டுமே மீன் குறைந்துவருகிறது, சட்டம் வேண்டும் என்றன. மீன் ஏழையின் உணவு என்பதையும் இருவரும் அறிந்திருந்தார்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் யாரைத் தடுப்பது என்று வந்தபோது, கண்ணி சிறுத்த வலை, வாய்க்காலில் வைக்கும் பறி, நஞ்சு என்று எளிய மனிதர்களின் கைப்பொருள்களே முன்னே வந்து நின்றன. வேட்டைத் தூண்டில் விளையாட்டுக் கருவி ஆயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். டே அணைக்கட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. கடலிலிருந்து உல்லம் மீன் முட்டையிட ஆற்றில் ஏறிவரும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் அது முட்டிக்கொண்டு நிற்கும். நிற்கிற மீனைப் பிடிப்பதற்கு ஆளா கிடைக்காது? அணைகளில் மீன் ஏறப் படி வையுங்கள் என்று டே வாதாடினார். பாசன வரி தரும் சுவருக்கு முன் மீனுக்கு என்ன மதிப்பு? 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் உல்லம் ஏறுவது பழங்கதை ஆகிவிட்டது. ஒரு மீனினத்தையே ஆற்றிலிருந்து வெளியேற்றிய அந்தச் சுவர்களின் மீது எந்த வழக்கும் பதிவாகவில்லை.

நீலகிரிக்கென்று 1879-இலேயே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உரிமச் சீட்டு பெற்றவர் தூண்டில் போடலாம். பிற்பாடு, 1907-ஐ ஒட்டி, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரௌட் வளர்த்தார்கள். வெளியிலிருந்து வந்த மீனை, வெளியிலிருந்து வந்தவர் பிடிக்க, உள்ளூர்க்காரரிடமிருந்து காத்தார்கள். 1882-இன் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டுக்குள் வேட்டையாடுவது, மீன் பிடிப்பது, நீரில் நஞ்சிடுவது, கண்ணி வைப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விதிக்குள் கொண்டுவந்தது. இதே நீலகிரியில் 1891 டிசம்பரில் அயோத்திதாசர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபை மாநாடு, பொதுக் குளங்களிலும் கிணறுகளிலும் எங்கள் மக்கள் தண்ணீர் எடுக்கத் தடை இருக்கக் கூடாது என்று கேட்டது. ஒரே மலையில் 12 ஆண்டு இடைவெளியில் நடந்தவை இவை. ஒரு பக்கம் நீருக்குள் இருக்கும் மீனுக்குப் பாதுகாப்பு. இன்னொரு பக்கம் நீரைத் தொடுவதற்கே மனு.

1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது, அந்த ஆண்டின் 4-ஆம் சட்டம். மாணவர்கள் இதை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும், சில பக்கங்கள்தான். வெடி வைத்து மீன் பிடித்தால் 2 மாதம் வரை சிறை, 200 ரூபாய் வரை அபராதம். நஞ்சோ சுண்ணாம்போ கலந்தாலும் அதே தண்டனைதான். 200 ரூபாய் அந்நாளில் ஒரு கூலிக் குடும்பம் கண்ணால் பார்க்காத தொகை. 6-ஆம் பிரிவு நிலைப்பொறி, தடுப்பு, வலையின் அளவும் வகையும் பற்றி விதி செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒரு நீர்நிலையில் 2 ஆண்டுவரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கவும் முடியும். நிலைப்பொறி என்றால் என்ன? மண்ணில் ஊன்றிய வலையும் கூண்டும். அதாவது நம் வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கும் பறி. அதைப் பறிமுதல் செய்யலாம், அதில் இருக்கும் மீனையும் சேர்த்து. தனியார் நீர்நிலை என்றால் உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால்தான் இந்த விதி செல்லும். ஜமீனின் குளத்துக்கு அப்படி ஒரு மரியாதை. வாரண்ட் இல்லாமல் பிடிப்பதற்கான நிபந்தனை இன்னும் சுவையானது: ஆளின் பெயரும் முகவரியும் தெரியாமல் இருந்து, அவர் சொல்ல மறுத்தாலோ சொன்னது சந்தேகமாக இருந்தாலோ பிடிக்கலாம். காட்டோரம் குடிசை போட்டிருப்பவர் எந்த முகவரியைச் சொன்னால் அன்றைய போலீஸ்காரர் நம்பியிருப்பார்?

நஞ்சு என்றதும் நாம் இன்றைய பூச்சிமருந்தை நினைக்கிறோம். காக்காய்க்கொல்லி விதையையும் மருக்காரைக் காயையும் இடித்து, கோடையில் வற்றி நிற்கும் மடுவில் கலக்கிவிட்டு, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவது மலை மக்கள் பல இடங்களில் வைத்திருந்த முறை. ஒரு மடு, ஆண்டில் சில நாள். சட்டத்தின் பார்வையில் அதற்கும், ஆலைக் கழிவால் செத்து மிதக்கும் ஆற்றுக்கும் வேறுபாடு உண்டு. முன்னது மீன் பிடிக்கும் நோக்கத்தோடு செய்தது, ஆகவே மீன்வளச் சட்டக் குற்றம். பின்னது அந்த நோக்கம் இல்லாதது.

சமவெளிக்கு இறங்கினால் கதை இன்னும் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்ற சொல் வருகிறது, குளத்து மீன்மேல் விழுந்த வரி. அந்தப் பாசிதான் இன்றைக்கும் ஊராட்சி ஏலத்தில் மீன்பாசிக் குத்தகை என்று வாழ்கிறது. என் சிறுவயதில் எங்கள் ஊர் ஏரி வற்றும்போது குத்தகைக்காரர் முதல் வலை இழுப்பார். பிறகு ஊர்த்தெரு இறங்கும். சேரி கரையில் நிற்கும். துண்டை உயர்த்தி யாராவது சைகை காட்டினால்தான் நாங்கள் ஊத்தாவோடு ஓடுவோம். அப்போது எஞ்சியிருப்பது சேறும் குரவையும். அந்தச் சேற்றுக் குரவையின் ருசியைப் பற்றி என் ஆத்தா வாழ்நாள் முழுக்கப் பேசினார். நாங்கள் ஏன் கடைசியில் இறங்கினோம் என்பதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஏலத்தில் கேட்க எங்கள் தெருவுக்குச் சட்டப்படி தடை கிடையாது. கேட்டால் மறுநாள் வயலில் வேலை கிடையாது.

ஊராட்சித் தலைவர் நாற்காலி என்பது கண்மாய் மீனையும் புளியமரத்தையும் ஏலம் விடும் கை. 1996-இல் தனித்தொகுதி ஆக்கப்பட்ட மேலவளவில் தலைவராக வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐந்து தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தேர்தலை முறையாக நடத்த விடவில்லை. பொதுச்சொத்து யார் கையில் என்ற கேள்வியை விட்டுவிட்டு இதை வெறும் கௌரவச் சண்டையாகப் படிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

காவிரியில் தூண்டில் விளையாட்டின் கதையும் நமக்குத் தேவை. கர்நாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே பகுதிகளில் உலகம் முழுவதிலுமிருந்து ஆள் வந்து மாசீர் என்ற பெரிய மீனைத் தூண்டிலில் பிடித்து, எடை போட்டு, திரும்ப ஆற்றில் விட்டுவந்தார்கள். 1972-இல் தொடங்கிய தென்னிந்திய வனவுயிர் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. வெடி வைத்து மீன் பிடித்த உள்ளூர்க்காரர்கள் சிலரையே காவலுக்கும் வழிகாட்டவும் வைத்துக்கொண்டார்கள். அது வேலை செய்தது. பாராட்டத் தயங்க மாட்டேன். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்ற வாசிப்பில் அந்த முகாம்கள் நிறுத்தப்பட்டன. காவல்காரர்களின் சம்பளமும் அதோடு போயிற்று.

ஆனால் அதே முகாம்களின் பதிவேடுகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. ஆற்றைச் செழிக்க வைக்க என்று லோனாவாலா பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகப் பெருக, காவிரிக்கே உரிய திமில் மாசீர் அருகிப்போனது. அந்தத் திமில் மீனுக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்றும் அறிவிக்கப்பட்டது. பறி வைத்தவரையும் வெடி வைத்தவரையும் தேடிய கண்ணுக்கு, நல்லெண்ணத்தோடு வாளியில் வந்த குஞ்சு தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஓடையில் யார் என்ன செய்தாலும் விட்டுவிடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். வெடிக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்ட மடுவில் மீன் மட்டுமல்ல, தவளைக்குஞ்சும் நண்டும் பூச்சியும் சேர்ந்து சாகும். கீழே அதே தண்ணீரை மாடு குடிக்கும், மனிதரும் குடிப்பார்கள். இதைச் செய்கிறவர் நம் தெருக்காரர் என்பதால் சும்மா இருப்பது அரசியல் அல்ல. தடுக்கத்தான் வேண்டும். தடுக்கும் கை யாருடையது, என்ன உரிமையில் தடுக்கிறது என்பதே கேள்வி.

அதற்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம், 3-ஆம் பிரிவு, உட்பிரிவு 1, (ஈ) வரிசையில் வரும் கூறு: நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் சமூக உரிமை. 5-ஆம் பிரிவு நீர்ப்பிடிப்பையும் நீராதாரத்தையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தருகிறது. விதிகளின்படி கிராம சபை அதற்கென்று ஒரு குழுவும் அமைத்துக்கொள்ளலாம். பிடிக்கிறவரும் காக்கிறவரும் ஒருவரே. தமிழ்நாட்டில் இது நகரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது நின்றது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அந்தத் தடையை நீக்கியது. 8 ஆண்டுகள் போயின. ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவுமே அறிவிக்கப்படாததால், மத்திய இந்தியப் பழங்குடிகளுக்கு இருக்கும் பெசா சட்டமும் கொல்லிமலைக்குக் கிடையாது. ஆகவே காட்டுக்குள் ஓடும் இந்த மலையின் ஓடைகளுக்கு இந்த ஒரு வழிதான்.

நம்மவர்களுக்கு அதில் ஒரு முள் இருக்கிறது. மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடி. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்து, காட்டைச் சார்ந்து பிழைத்ததைக் காட்டினால் போதும். மலையில் வாழும் தலித் குடும்பங்கள் சட்டத்தின் கண்ணில் பிற பாரம்பரிய வனவாசிகள். அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்டைச் சார்ந்து வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். நிலமும் பத்திரமும் இல்லாதவரிடம் 75 ஆண்டுக் காகிதம் கேட்பது. இந்த இடத்தில் மலையாளி கிராம சபைகள் என்ன முடிவெடுக்கின்றன என்பதை நான் ஆவலோடும் கொஞ்சம் அச்சத்தோடும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் இரண்டு மக்களுக்கும் இடையே நல்லுறவு மட்டுமே இருந்தது என்று மேடைக்காகச் சொல்ல மாட்டேன்.

காகிதம் இல்லாதவர்களுக்கு விதி 13 ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஊர் மூத்தோரின் வாக்குமூலம் எழுத்தில் இருந்தால் சான்று. மரபாக மீன் பிடித்த இடங்கள் சான்று. 1897-இன் சட்டத்தில் பறிமுதலுக்கு உரியதாக இருந்த பறி, அதை எந்த ஓடையில், எந்த மடுவில், எந்த மாதத்தில் யார் வைத்தார்கள் என்று ஒரு பாட்டி சொல்லக் கேட்டு எழுதினால், 2006-இன் சட்டத்தில் உரிமைக்கான ஆதாரம் ஆகிறது. அந்த மடுக்களின் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் 80 வயதைத் தாண்டிவிட்டார்கள்.

சமூக உரிமைக்கான விண்ணப்பம் படிவம் 'ஆ'. அதில் 'மீன், நீர்நிலைகள்' என்று ஒரு வரி அச்சிட்டே இருக்கிறது. பெரும்பாலும் வெறுமையாக விடப்படும் வரி அது. பிரதிகள் பின் வரிசை மேசையில் இருக்கின்றன. வந்திருக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பக்கத்து ஊர்களுக்குப் போகிறோம். பேனாவோடு ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள். பாட்டிமார் மெதுவாகத்தான் சொல்வார்கள்.