சரவெடியின் இடைநேரம்: ஆஸிலோஸ்கோப் வழி ஓர் அளவீட்டு முறை

சரவெடியின் ஓசைக்கு வரம்பு வகுத்த விதி வெடிகளை எண்ணுகிறது; அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. 1999இல் வந்த அந்த இந்திய விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் ஒலி 125 டெசிபல் (ஏ-எடை, இம்பல்ஸ்) அல்லது 145 டெசிபல் (சி-எடை, உச்சம்) அளவைத் தாண்டக் கூடாது. சரமானால், வெடிகளின் எண்ணிக்கைக்குரிய மடக்கையை ஐந்தால் பெருக்கி, வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். 100 வெடிச் சரத்துக்குக் கழிவு 10 டெசிபல், ஆயிரத்துக்கு 15.

இந்தக் கழிவு போதிய அளவுகோல் அன்று. சமமான 100 வெடிகள் ஒரே கணத்தில் வெடித்தால் ஒலியாற்றல் நூறு மடங்காகி 20 டெசிபல் கூடும். விலகி விலகி வெடித்தால் உச்ச அழுத்தம் சற்றும் கூடாது. ஒரு சரம் இவ்விரு எல்லைகளுக்கிடையே எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது திரி எரியும் வேகமும் பின்னலின் நெருக்கமுமே. இம்பல்ஸ் மீட்டரின் ஏறும் கால மாறிலி 35 மில்லி வினாடி. அதற்குள் அடுத்தடுத்து விழும் வெடிகள் ஒரே வாசிப்பாகத் திரண்டுவிடும். எத்தனை வெடிகள் அப்படித் திரண்டன என்பதை மீட்டர் காட்டாது.

இதற்கான முறை ஒளித்தகட்டுத் துறையில் தேர்ந்து நிற்கிறது. குறுந்தகட்டில் தகவல் இருப்பது சமிக்ஞையின் உயரத்தில் அன்று, விளிம்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில். ஒற்றை வேகத்தில் ஓர் அலகு 231 நானோ வினாடி. பதிவான குறிகள் 3 முதல் 11 அலகு நீளம். லேசர் ஒழுங்காக எழுதியதா என்றறிய, மீண்டும் படித்த அலைகளை ஆஸிலோஸ்கோப் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். விளிம்புச் சிதறல் 35 நானோ வினாடிக்கு மிகலாகாது. விளிம்பைத் தீர்மானிக்கும் வெட்டுமட்டம் பிசகினால் குறிகள் நீண்டும் இடைவெளிகள் குறுகியும் தோன்றும்.

வெடியிலும் இதே பிழை நேரும். மட்டத்தை நிலையாக வைத்தால், பெரிய வெடி அதைச் சற்று முன்னதாகவே கடந்துவிடும். எனவே ஒவ்வொரு வெடியிலும் அதன் உச்சத்தின் பாதியைக் கடக்கும் கணத்தையே குறிக்க வேண்டும். வினாடிக்கு ஒரு லட்சம் மாதிரிகள் வீதம் 10 வினாடிக்குப் பத்து லட்சம் புள்ளிகள். சாதாரண டிஜிட்டல் ஆஸிலோஸ்கோப்பே இதைத் தாங்கும். சரத்தின் நீளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெடிமுனை ஒரு மீட்டர் விலகினால் ஒலி ஏறக்குறைய 3 மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும்.

சுற்றிலும் 15 மீட்டருக்குள் எதிரொலிக்கும் பரப்பு இருக்கலாகாது, தரை கெட்டியான கான்கிரீட்டாக இருக்க வேண்டும் என்பவையும் விதியின் நிபந்தனைகள். சிவகாசியின் நெருக்கமான தெருக்களைவிட மல்லாங்கிணறு பக்கத்துத் திறந்த கரிசல் வெளி இதற்கு ஏற்றது. ஆனால் உழுத கரிசல் ஒலியை உறிஞ்சும். 5 மீட்டர் விட்டமுள்ள மேடை கட்டியே அளக்க வேண்டும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தது. ஓசையோடு புகையும் குப்பையும் அதற்குக் காரணமாயின என்பதால், ஒலியளவீடு மட்டும் அத்தடைக்கு மறுமொழி ஆகாது. ஆயினும் அடுத்தடுத்து வெடிக்கும் பல ஷாட் வாணங்கள் இன்றும் கடைகளில் இருக்கின்றன. அவற்றின் சோதனைச் சான்றில் டெசிபலோடு இடைநேரப் பரவலும் இடம்பெற வேண்டும். காதின் பாதுகாப்பை எண்ணிக்கையை மட்டும் நம்பி விடுவதைவிட, அளந்த நேரத்தின்மீது நிறுத்துவதே அறிவியலுக்குப் பொருந்தும்.