உலோக-கரிமச் சட்டகங்கள்: ஆய்வின் வரலாறு

உலோக-கரிமச் சட்டகங்கள் என்பவை உலோக அயனிகளும் கரிம மூலக்கூறுகளும் ஒழுங்காக இணைந்து உருவாகும் நுண்துளைப் படிகங்கள். மூங்கில் கழிகளை முடிச்சிட்டுப் பந்தல் போடுவதை நினைத்துக்கொண்டால் இவற்றின் அமைப்பு எளிதில் விளங்கும். உலோக அயனிகள் முடிச்சுகள். நீண்ட கரிம மூலக்கூறுகள் கழிகள். இடையிலுள்ள வெற்றிடங்களில் வாயுக்களும் நீராவியும் புகுந்து வெளிவரும். இத்துறையை உருவாக்கிய ரிச்சர்டு ராப்சன், சுசுமு கிடகாவா, ஒமார் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் தொடக்க காலத்தில் ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்வியே இத்துறையைத் தொடர்ந்து வந்தது.

மரப்பந்துகள்

1974இல் ராப்சன் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். மாணவர்கள் மூலக்கூறு மாதிரிகள் செய்வதற்கு மரப்பந்துகளைத் தயாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பந்து அணுவைக் குறிக்கும். குச்சி பிணைப்பைக் குறிக்கும். ஒவ்வொரு பந்திலும் துளைகள் எங்கே அமைய வேண்டும் என்று அவர் குறித்துக் கொடுத்தார். பல்கலைக்கழகப் பட்டறையில் துளையிட்டனர். பந்துகளைக் கோத்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. துளைகள் சரியான இடத்தில் இருந்தால் மாதிரியும் தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அணுக்களுக்குப் பதிலாக மூலக்கூறுகளையே இப்படிக் கோத்தால் என்ன என்று அவர் எண்ணினார்.

அந்த எண்ணம் செயலுக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களுடன் இணைந்திருக்கிறது. அதே அமைப்பை, செப்பு அயனிகளையும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்து அவர் உருவாக்கினார். நூல் சிக்கலைப் போன்ற குழப்பம்தான் வரும் என்று பலர் நினைத்திருப்பார்கள். வந்ததோ ஒழுங்கான படிகம். உள்ளே பெரிய வெற்றிடங்கள். இந்த ஆய்வு 1989இல் வெளியானது. எனினும் இத்தகைய படிகங்கள் எளிதில் நொறுங்கின.

பயனற்றதன் பயன்

ஜப்பானில் கிடகாவா 1992இல் வெளியிட்ட முதல் சட்டகமும் பெரிய பயன் எதையும் தரவில்லை. அவர் ஆய்வு நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. பயனற்றதாகத் தோன்றுவதும் ஒருநாள் பயன்படலாம் என்ற சிந்தனையை, இயற்பியலாளர் ஹிடேகி யுகாவாவின் நூலைப் படித்து அவர் மாணவப் பருவத்திலேயே பெற்றிருந்தார். எனவே ஆய்வைக் கைவிடவில்லை. 1997இல் அவருடைய குழு உருவாக்கிய முப்பரிமாணச் சட்டகம் மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய வாயுக்களை வடிவம் மாறாமல் ஏற்று வெளியிட்டது.

ஆய்வகத்தின் அன்றாடம்

இத்தகைய குழுவில் மாணவரின் நாள் பெரும்பாலும் காத்திருப்பதில் கழியும். உலோக உப்பையும் கரிம அமிலத்தையும் கரைப்பானில் கரைத்து, மூடிய குப்பியில் இட்டு, சூட்டடுப்பில் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வைக்கிறார்கள். படிகம் வளர்ந்தால் எக்ஸ் கதிர் மூலம் அதன் அமைப்பை அறிகிறார்கள். அடுத்ததே கடினமான கட்டம். துளைகளில் தங்கிய கரைப்பானை வெளியேற்றும்போது சட்டகம் சரிந்துவிட்டால், அத்தனை உழைப்பும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

உறுதியும் பயனும்

ஜோர்டானில் அகதிக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற யாகி, 1995இல் ‘உலோக-கரிமச் சட்டகம்’ என்ற பெயரை அறிமுகப்படுத்தினார். 1999இல் அவருடைய குழு துத்தநாகத்தைக் கொண்டு அமைத்த ‘மாஃப்-5’ வெறுமையாக இருந்தபோதும் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கியது. அதன் இரண்டு மூன்று கிராமுக்குள் அடங்கிய பரப்பு ஒரு கால்பந்துத் திடல் அளவுக்கு இருந்தது. பின்னர் வேறொரு சட்டகத்தைக் கொண்டு அரிசோனா பாலைவனக் காற்றிலிருந்தே நீர் எடுத்துக் காட்டினர். இரவில் நீராவியைப் பிடித்த சட்டகம், பகலில் வெயில் பட்டதும் அதை வெளியிட்டது.

பள்ளி ஆய்வகத்தில் பந்து-குச்சி மாதிரி இருந்தால், மாணவர்கள் வைரத்தின் அமைப்பைக் கோத்துப் பார்க்கலாம். ராப்சன் கவனித்தது என்ன என்பது கையிலேயே விளங்கும்.