கோபுரமும் தனியாளும்

ஷிகாகோ நதிக்கரையில் 1960களில் எழுந்த மரீனா சிட்டியின் இரட்டைக் கோபுரங்களை மக்காச்சோளக் கதிர்கள் என்று வடிவத்தை வைத்தே பேசிவருகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வாடகைக் கணக்கு. பணம் போட்டது கட்டிடம் பெருக்குபவர்களின், லிஃப்ட் ஓட்டுபவர்களின் தொழிற்சங்கம். நடுத்தர வர்க்கம் புறநகருக்கு ஓடிவிட்டால் பெருக்க நகரில் கட்டிடம் ஏது? திரும்பி வரக்கூடியவர்கள் பிள்ளையில்லாத தம்பதிகள், தனியாட்கள். வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசுக்கோ வீடென்றால் குடும்பம். (கடன் காகிதங்களின் மனோபாவம் எங்கும் இதுதான்.) பௌஹௌஸில் பயின்ற பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வாதாடி ஜெயித்தார். 896 வீடுகளில் பெரும்பாலானவை ஒற்றைப் படுக்கையறை கொண்டவை. உள்ளே குறுகித் தொடங்கி பால்கனியை நோக்கி விரிபவை. பெருக்குபவர் சங்கத்தின் பணத்தில் எழுந்தாலும், அவை அலுவலக உத்தியோகஸ்தர்களை எதிர்பார்த்தே கட்டப்பட்டன. 1977இல் வீடுகள் தனித்தனியே விற்பனைக்குப் போயின. இன்று அங்கே குடிவருபவன் வாடகை தருவது இன்னொரு தனியாளுக்கு.