காரைப் பூட்டச் சொன்ன சட்டம், சிப் வைக்கச் சொல்லவில்லை! அமெரிக்காவின் கார் திருட்டு விதிகள் ஒரு பார்வை

'கியா பாய்ஸ்' பெயர் ஞாபகம் இருக்கிறதா? 2021, 2022-ல் அமெரிக்காவில் டிக்டாக்கைக் கலக்கிய வீடியோக்கள் அவை. டீன் ஏஜ் பசங்க சில கியா, ஹூண்டாய் கார்களின் சாவித் துவாரத்தை உடைத்து, ஒரு யூஎஸ்பி கேபிள் முனையை வைத்தே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். மில்வாக்கி நகரத்தில் ஆரம்பித்த இந்த விபரீத விளையாட்டு, கொஞ்ச நாளிலேயே நாடு முழுக்கப் பரவியது.

ஆனால், பக்கத்து நாடான கனடாவில் அதே கம்பெனி கார்களிடம் இந்த டிரிக் பலிக்கவில்லை. ஏன்? விடை அரசு விதிகளில் இருக்கிறது.

இம்மொபிலைசர் என்றால் என்ன?

சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு குட்டி சிப் இருக்கும். சாவியைப் போட்டதும், பூட்டைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா அந்த சிப்பின் ரகசியக் குறியீட்டைப் படிக்கும். குறியீடு சரியாக இருந்தால்தான் இன்ஜின் ஓடும். பூட்டை உடைத்தாலும், போலிச் சாவி போட்டாலும் வண்டி கிளம்பாது. அவ்ளோதான் விஷயம்.

கனடாவில் 2007 செப்டம்பர் 1 முதல் தயாராகும் புதிய கார்களில் இது கட்டாயம். அமெரிக்காவில் இன்றுவரை கட்டாயம் இல்லை. அங்கே இருக்கும் பாதுகாப்பு விதி எண் 114, 'சாவியை எடுத்துவிட்டால் வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆகக் கூடாது' என்கிறது. சிப் வேண்டும் என்று சொல்வதில்லை.

1984-ல் போட்ட கணக்கு

அப்படியென்றால் அமெரிக்க அரசு கார் திருட்டைக் கண்டுகொள்ளவே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 1984-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் பெரிய தலைவலி, திருடிய காரைப் பிரித்து பாகம் பாகமாக விற்கும் கும்பல்கள். அதனால், 1987 மாடல் கார்களிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், பானெட், கதவுகள், பம்பர் போன்ற முக்கிய பாகங்களில் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைப் பதிக்க வேண்டும் என்று விதி வந்தது. மாற்றுப் பாகம் என்றால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். எண் இருந்தால் போலீஸ் பிடித்துவிடும், வாங்குகிறவனும் யோசிப்பான் என்பது கணக்கு.

எல்லா கார்களுக்கும் இல்லை, அதிகம் திருடு போகும் மாடல்களுக்குத்தான் முதலில் இந்த விதி. 'அதிகம்' என்பதற்கும் ஓர் அளவுகோல் வைத்தார்கள். 1990, 1991 ஆண்டுகளின் கணக்குப்படி, தயாரான 1,000 வண்டிகளுக்கு 3.5826 திருட்டு. அந்தக் கோட்டைத் தாண்டினால் எண் பதிக்க வேண்டும். பிறகு 2004-ல் வெளியான விதி, கோட்டுக்குக் கீழே இருந்த பெரும்பாலான பயணிகள் கார்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

விலக்கு எப்படிக் கிடைக்கும்?

எண் பதிப்பது கம்பெனிகளுக்குச் செலவு. அதனால் சட்டமே ஒரு வழியும் விட்டது. 'எங்கள் மாடலில் திருட்டுத் தடுப்புக் கருவியை எல்லா வண்டியிலும் பொருத்துகிறோம், எண் பதிப்பதிலிருந்து விலக்கு கொடுங்கள்' என்று நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் மனு போடலாம். நிபந்தனைகள் இவைதான்:

* கருவி எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும். கூடுதல் காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்று வைக்கக் கூடாது.

* எண் பதிப்பது எந்த அளவுக்குத் திருட்டைத் தடுக்குமோ, அதே அளவுக்குக் கருவியும் தடுக்கும் என்று நிர்வாகம் நம்ப வேண்டும்.

* ஒரு கம்பெனி, ஒரு மாடல் ஆண்டுக்கு ஒரு புதிய மாடல் வரிசைக்குத்தான் விலக்கு வாங்க முடியும்.

* முழுமையான மனு கிடைத்து 120 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விலக்கு கிடைத்ததாகவே அர்த்தம்!

2016-ல் இன்னொரு வசதியும் வந்தது. கனடா விதிப்படியான இம்மொபிலைசர் இருந்தால், விலக்கு வாங்கும் நடைமுறை சுலபம்.

ஓட்டை எங்கே?

இங்கேதான் விஷயம் இருக்கு. இம்மொபிலைசர் வைத்தால் சலுகை உண்டு. ஆனால் வைக்காவிட்டால்? பாகங்களில் எண்ணைப் பதித்துவிட்டால் போதும், சட்டத்தை மீறியதாக ஆகாது. பெரும்பாலான கம்பெனிகள் தாங்களாகவே சிப்புக்கு மாறிவிட்டன. அமெரிக்க இன்ஷூரன்ஸ் துறை ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 2015 மாடல்களில் மற்ற கம்பெனிகளின் 96% வாகனங்களில் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியாவில் 26% மட்டுமே.

பாகத்தில் எண் பதிப்பது, விற்பதற்காகத் திருடுகிறவனை யோசிக்க வைக்கும். ஜாலி ரைடுக்காகத் திருடி, வீடியோ எடுத்து, தெருமுனையில் விட்டுப்போகும் 16 வயசுப் பையனுக்கு அந்த எண்ணால் என்ன பயம்? 1984-ன் திருடனுக்காகப் போட்ட பூட்டு, 2021-ன் திருடனுக்குச் செல்லுபடியாகவில்லை.

விலை பெரியது. இந்தத் திருட்டுகளால் 14 விபத்துகள், 8 மரணங்கள் நடந்ததாக 2023 பிப்ரவரியில் பாதுகாப்பு நிர்வாகமே சொன்னது. சில நகரங்களில் இந்த மாடல்களுக்குப் புதிய பாலிசி தர இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மறுத்தன. 17 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களும் தலைநகர் வாஷிங்டனின் அட்டர்னி ஜெனரலும் சேர்ந்து, 'வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடுங்கள்' என்று கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது. 'விதி 114 இம்மொபிலைசரைக் கேட்கவில்லை' என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

கடைசியில் கம்பெனிகள் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவச சாஃப்ட்வேர் அப்டேட் அறிவித்தன. ஸ்டீயரிங் பூட்டுகளும் கொடுத்தன. 2023 மே மாதம், வழக்குத் தொடுத்த உரிமையாளர்களுடன் சுமார் 20 கோடி டாலர் மதிப்பில் சமரசம் செய்துகொண்டன.

அமெரிக்காவில் பழைய கார் வாங்கப்போறீங்களா?

படிக்கவோ வேலைக்கோ அங்கே போகும் நம்ம ஆட்கள் பலருக்கும் முதல் வண்டி செகண்ட் ஹேண்ட்தான். இதையெல்லாம் பாருங்கள்:

* 2011 முதல் 2022 வரையிலான ஹூண்டாய், கியா என்றால், சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் மாடலா, பட்டன் மாடலா என்று கவனியுங்கள். பிரச்னை சாவி மாடலில்தான். பட்டன் ஸ்டார்ட்டில் இம்மொபிலைசர் இருக்கும்.

* சாவி மாடல் என்றால், 17 இலக்க எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, அப்டேட் முடிந்ததா எனச் சரிபாருங்கள்.

* முன் கண்ணாடிக்குக் கீழே தெரியும் எண்ணும், கதவு, பானெட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், காரணம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

* இன்ஷூரன்ஸ் எவ்வளவு வரும் என்பதை வண்டி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காரின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அங்கே தெரிந்துவிடும்.