பத்து ஆராங்

பத்து ஆராங், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோம்பாக் மாவட்டத்தில், ரவாங் நகருக்கு மேற்கே உள்ள சிற்றூர். மலாய் மொழியில் இப்பெயருக்கு நிலக்கரி என்று பொருள். 1915 முதல் 1960 வரை மலாயாத் தீபகற்பத்தில் பெரிய அளவில் நிலக்கரி வெட்டப்பட்ட ஒரே இடம் இதுதான். மலாயா இரயில்வேயின் நீராவி இயந்திரங்களும், கோலாலம்பூரின் மின்சாரமும், சுற்றுவட்டார ஈயச் சுரங்கங்களும் இவ்வூரின் கரியை நம்பியிருந்தன. ஒரே நிறுவனத்தின் நிலத்தில், அந்நிறுவனத்தின் வேலைக்காகவே எழுந்த குடியிருப்பு இது. வேலை நின்றதும் சுருங்கியது.

நிலவியல்

பத்து ஆராங் படுகை, மூன்றாம்நிலைக் காலத்தில் நன்னீர் ஏரி ஒன்றின் அடியில் படிந்த களிமண், மணல், தாவர எச்சங்கள் ஆகியவற்றால் ஆனது. இதில் இரண்டு முக்கியக் கரி அடுக்குகள் உள்ளன. மேலடுக்கு சுமார் 15 மீட்டர், கீழடுக்கு சுமார் 8 மீட்டர் தடிப்புக் கொண்டவை. மேலடுக்கு சில இடங்களில் தரைமட்டத்தை ஒட்டியே இருந்ததால் அங்கு திறந்தவெளிக் குழி தோண்டியும், ஆழமான பகுதிகளில் சுரங்கவழி அமைத்தும் கரி எடுக்கப்பட்டது.

இக்கரி இளங்கரி வகையைச் சேர்ந்தது. ஈரப்பதம் மிகுந்தது, எஃகு உருக்குவதற்கான கல்கரி ஆக்க உதவாது. வெட்டிக் குவித்தால் வெயிலிலும் மழையிலும் நொறுங்கிப் பொடியாகும். குவியலின் உள்ளே வெப்பம் ஏறித் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே மாதக்கணக்கில் இருப்பு வைக்க இயலாது. வெட்டியதை விரைவில் ஏற்றி எரித்தாக வேண்டும். இவ்வூரின் பொருளாதாரத்தையும் தொழிலாளர் வரலாற்றையும் இந்த ஒரு குணம் வெகுவாகத் தீர்மானித்தது.

தோற்றம்

1908-இல் இப்பகுதியில் நிலக்கரி இருப்பது தெரியவந்தது. அப்போது சிலாங்கூர் ஈயத்தாலும் ரப்பராலும் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1886-இல் கோலாலம்பூர்–கிள்ளான் தடமாகத் தொடங்கிய இரயில் பாதை வடக்கிலும் தெற்கிலும் நீண்டிருந்தது. அதன் இயந்திரங்களுக்கு விறகும், கடல் கடந்து வந்த கரியும் தேவைப்பட்டன. காடுகள் பின்வாங்கப் பின்வாங்க விறகின் விலையும் ஏறியது.

1913-இல் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. இதன் பின்னணியில் இருந்தவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர். மலேசியர்கள் இவரைக் கேமரன் மலையின் போ தேயிலை நிறுவனத்தை 1929-இல் நிறுவியவராகவே அதிகம் அறிவர். 1915-இல் கரி வெட்டும் வேலை தொடங்கியது. பிரதானத் தடத்தின் குவாங் நிலையத்திலிருந்து பத்து ஆராங் வரை கிளைப்பாதை போடப்பட்டதால், சுரங்க வாயிலில் ஏற்றிய கரி நேரே கோலாலம்பூருக்கும் துறைமுகத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பொருளாதாரம்

சுரங்கத்தின் முதன்மை வாடிக்கையாளர் இரயில்வே. அடுத்து மின் நிலையங்களும், நீரிறைப்பான்களையும் தூர்வாரிக் கப்பல்களையும் இயக்கிய ஈயச் சுரங்கங்களும் வந்தன. கோலாலம்பூரின் பங்சார் மின் நிலையமும், பின்னர் 1953-இல் கிள்ளானில் திறக்கப்பட்ட கொனாட் பிரிட்ஜ் மின் நிலையமும் இக்கரியைப் பயன்படுத்தின. 1940-இல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு, ஆண்டுக்கு 7.8 லட்சம் டன்னை நெருங்கியது. மொத்தத்தில் சுமார் 1.5 கோடி டன் கரி இங்கிருந்து எடுக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

கரியோடு நிறுவனம் நிற்கவில்லை. திறந்தவெளிக் குழிகளில் கரிக்கு மேல் கிடந்த களிமண் செங்கலுக்கு ஏற்றதாக இருந்ததால் சூளைகள் எழுந்தன. கோலாலம்பூரின் செங்கல் தேவை அதற்கு முன்பே பெரிது: 1881-இல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்த பின், 1884 முதல் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும்படி சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்த, நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் சூளைகள் பெருகின. சூளைத் தொழிலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பின் வந்த பத்து ஆராங்குக்கு ஒரு வசதி இருந்தது. மண்ணும் எரிபொருளும் ஒரே குழியில் கிடைத்தன. சுற்றுக்காட்டு மரத்தைக் கொண்டு ஒட்டுப்பலகை ஆலையும், மரத்தைக் காய்ச்சி வடித்து அடுப்புக்கரியும் வேதிப்பொருளும் பெறும் ஆலையும் நிறுவப்பட்டன. மலாயா ரப்பர் அக்காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைபட்டே கப்பலேறியதால் ஒட்டுப்பலகைக்குச் சந்தை உள்ளூரிலேயே இருந்தது.

தொழிலாளர்

தொழிலாளரில் பெரும்பான்மையோர் சீனர்கள். தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவானியர்கள் ஆகியோரும் வேலை செய்தனர். வீடு, சாலை, தண்ணீர், மருத்துவம் எல்லாம் நிறுவனத்தின் கையில். துரைமாருக்குத் தனி பங்களாக்கள். தொழிலாளருக்கு வரிசை வீடுகளான லயங்கள். தோட்டப்புறத்துத் தமிழர் அறிந்திருந்த அதே அமைப்பு சுரங்கத்திலும் நிலவியது.

ஆனால் வேலைக்கு எடுக்கும் முறையில் வேறுபாடு இருந்தது. தோட்டங்களுக்கு வந்த தமிழர் பெரும்பாலும் கங்காணி வழியாக வந்தனர். அவர்களது கூலியை இந்திய அரசின் முகவரும் மலாயாவின் தொழிலாளர் துறையும் ஓரளவு கண்காணித்தன. சுரங்கத்துச் சீனத் தொழிலாளர் குத்தகையாளரின் கீழ் இருந்தனர். நிறுவனம் வெட்டிய டன்னுக்குக் குத்தகையாளரிடம் பணம் கொடுக்கும். அவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கூலியாகப் பிரிப்பார். இதனால் குறைந்த கூலிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, நிறுவனம் குத்தகையாளரையும் குத்தகையாளர் நிறுவனத்தையும் கைகாட்ட முடிந்தது.

1936–37 வேலைநிறுத்தங்கள்

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியபோது சுரங்கத்திலும் தோட்டத்திலும் கூலி வெட்டப்பட்டது. தசாப்தத்தின் நடுவில் ரப்பரும் ஈயமும் மீண்டன, விலைவாசியும் ஏறியது. கூலி மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தோட்டத் தமிழரின் நிலையை ஆராய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்ததும் இதே 1936-ஆம் ஆண்டின் இறுதியில்தான்.

பத்து ஆராங்கில் 1936 நவம்பரில் வேலைநிறுத்தம் வெடித்தது. 1937 மார்ச்சில் நடந்த இரண்டாவது வேலைநிறுத்தம் அதைவிடப் பெரியது. 5,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் அமைப்பாளர்கள் இதில் முன்னின்றனர். கூலி உயர்வோடு குத்தகை முறையின் கெடுபிடிகளும் கோரிக்கைகளில் இடம்பெற்றன. தொழிலாளர்கள் சுரங்க வளாகத்தைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, காவலையும் நிர்வாகத்தையும் தாங்களே நடத்தத் தொடங்கினர். ரஷ்யாவில் 1905-இலும் 1917-இலும் ஆலைத் தொழிலாளர்கள் அமைத்த மன்றங்களை நினைவில் வைத்து, அதிகாரிகள் இதை ஒரு 'சோவியத்' என்றே அழைத்தனர்.

அரசின் பதற்றத்துக்குக் கருத்தியல் மட்டும் காரணமன்று. இருப்பு வைக்க முடியாத கரி என்பதால், குழியில் வேலை நின்றால் அதன் விளைவு விரைவிலேயே இரயில் தடத்திலும் மின் நிலையத்திலும் தெரியும். தோட்டத்தில் பால்வெட்டு நின்றால் நட்டம் தோட்டத்துக்கு. இங்கே தலைநகரின் விளக்கே அணையக்கூடும். மார்ச் மாத இறுதியில் பெரும் போலீஸ் படை சுரங்கத்துக்குள் புகுந்து கட்டுப்பாட்டை மீட்டது. அமைப்பாளர்கள் கைதாயினர். அதே மாதங்களில் சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்களிலும் சீனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர், ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் நடத்திய வேலைநிறுத்தம் இவ்வரிசையில் அடுத்தது. அதுவும் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது.

போரும் அவசரகாலமும்

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கோலாலம்பூரைப் பிடித்தது. பின்வாங்கிய பிரிட்டிஷார் எதிரிக்குப் பயன்படாதபடி சுரங்கச் சாதனங்களைச் சேதப்படுத்திச் சென்றனர். போருக்குப் பின் சுரங்கம் சீரமைக்கப்பட்டாலும் 1940-இன் உற்பத்தியை அது மீண்டும் எட்டவில்லை.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமான அடுத்த மாதமே கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் பத்து ஆராங்கைத் தாக்கிச் சிறிது நேரம் ஊரைத் தம் பிடியில் வைத்திருந்தனர். அதன்பின் சுரங்கம் காவல் வளையத்துக்குள் இயங்கியது.

வீழ்ச்சி

சுரங்கத்தை மூடச் செய்தது தீர்ந்துபோன கரி அன்று. கரி பூமியில் இன்னும் இருக்கிறது. வாடிக்கையாளர்தான் போய்விட்டார். 1950-களில் மலாயா இரயில்வே தன் நீராவி இயந்திரங்களை எண்ணெய் எரிப்புக்கு மாற்றத் தொடங்கியது. 1957-இல் டீசல் இயந்திரங்கள் தடத்துக்கு வந்தன. மலிவான எண்ணெய் மின் உற்பத்தியிலும் இடம் பிடித்தது. நொறுங்கும், தீப்பற்றும் இளங்கரியைத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்பவும் வழியில்லை. 1960-இல் மலாயன் கோலியரீஸ் சுரங்கத்தை மூடியது. வேலை இழந்தோர் ரவாங்குக்கும் கோலாலம்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போயினர். கிளைப்பாதையும் காலப்போக்கில் கைவிடப்பட்டது.

இன்றைய நிலை

திறந்தவெளிக் குழிகள் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. புகைபோக்கிகளும், பழைய ஆலைகளின் சுவர்களும், பூச்சில்லாச் செங்கல் தெரியும் கடைவீட்டு வரிசையும் எஞ்சியுள்ளன. இவை தொழில் மரபுச் சின்னங்களாகப் பார்வையாளரை ஈர்க்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் புறநகர் வளர்ச்சி ரவாங்வரை எட்டியும் பத்து ஆராங்கை ஓரளவுக்கே தொட்டது. தரைக்கடியில் ஓடும் பழைய சுரங்கவழிகள் இடிந்து நிலம் தாழக்கூடும் என்பதால் இங்கே கட்டுமானம் கட்டுப்படுத்தப்பட்டிருப்பது அதற்கு முக்கியக் காரணம்.

நிலக்கரி கிள்ளான் பள்ளத்தாக்கைவிட்டுப் போய்விடவில்லை. கிள்ளானுக்கு வடக்கே கப்பாரில் உள்ள பெரிய அனல்மின் நிலையம் இறக்குமதி நிலக்கரியையும் எரித்து இவ்வட்டாரத்துக்கு மின்சாரம் தருகிறது.