மின்கம்பியும் மறுமுனை ஆளும்

பாவாடைக்கு நாடா கோக்கும் வேலையைக் காணாதவர் நம்மில் இரார். நாடா துவளும் தன்மையது. தையல் மடிப்பின் ஒரு வாயில் அதனை வைத்துத் தள்ளினால், அது உள்ளேயே சுருண்டு நிற்குமேயன்றி மறு வாயை அடையாது. ஆகவே நம் தாய்மார் நாடாவின் தலைப்பில் ஓர் ஊக்கைக் குத்தி, அவ்வூக்கைத் துணியின் மேலிருந்தே விரலால் நகர்த்தி, மறுபக்கம் கொண்டுவந்துவிடுகின்றனர். துவளும் பொருளைத் தள்ள இயலாது, இழுக்கவே இயலும். அதனை இழுப்பதற்கோ, விறைப்பான பிறிதொரு பொருள் முன்னே செல்லவேண்டும். வீட்டுச் சுவருக்குள் மின்கம்பியைச் செலுத்தும் தொழில் முழுவதும் இவ்வுண்மையின் மீதே நிற்கின்றது.

மின்சாரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் இச்சிக்கலை எண்ணிப் பார்த்திருக்கிறான். சுருள் சுருளாக வளைந்த சங்கின் உள்ளே நூலைக் கோப்பது எவ்வாறு என்ற வினா, டெடலஸ் என்னும் தச்சனிடம் விடப்பட்டதாகக் கிரேக்கர் ஒரு கதை கூறுவர். அவன் ஓர் எறும்பின் உடலில் நூலைக் கட்டிச் சங்கிற்குள் விட்டானாம். எறும்பு மறு துளையின் வழியே நூலோடு வெளிப்பட்டதாம். இது வெறுங்கதை என்று தள்ளிவிட வேண்டா. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து அணு ஆய்வுக்கூடத்தில், நீண்ட உலோகக் குழாய்களைத் துப்புரவு செய்ய வேண்டியிருந்தபோது, கீரியைப் போன்ற தோற்றமுடைய ஃபெரட் என்னும் சிறு விலங்கின் கழுத்துப்பட்டையில் நூலைக் கட்டி உள்ளே ஓடவிட்டனர். ஃபெலிசியா என்பது அதன் பெயர். அது கொண்டு சென்ற நூலைப் பற்றிக்கொண்டு துடைப்பானை இழுத்தனர். எறும்பாயினும் விலங்காயினும், அங்கே தேவைப்பட்டது மறுமுனைக்குச் செல்லும் ஓர் உயிர்.

நம் திருவனந்தபுரத்தின் கதைக்கு வருவோம். மகாராணி சேது லட்சுமி பாயி அவர்கள் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை வகித்த காலம் 1924 முதல் 1931 வரை. அக்காலத்தில், 1929-ஆம் ஆண்டில், தலைநகரில் பொது மின்வழங்கல் தொடங்கிற்று. இன்றும் பவர் ஹவுஸ் சாலை என்ற பெயர் அந்நாளை நினைவூட்டி நிற்கின்றது. 1940-இல் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் முதிரப்புழை ஆற்றின் நீர் மின்விசையாயிற்று. 1943 மார்ச் 12 அன்று இந்நகரில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் தோன்றி, 1950 ஏப்ரல் முதல் நாள் அகில இந்திய வானொலியின் நிலையமாயிற்று. 1957-இல் கேரள மாநில மின்சார வாரியம் அமைந்தது. அணைகளையும் நிலையங்களையும் வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. ஆயினும் ஆற்றிலே பிறந்த அவ்விசையை வீட்டின் உள்ளறை வரை கொணர்ந்து சேர்த்த கடைசி முப்பதடிக் கம்பியை இழுத்தவர் யார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

தொடக்க காலத்தில் இழுக்கும் வேலையே பெரிதும் இருந்ததில்லை. இரண்டு பள்ளங்கள் செதுக்கிய மரச்சட்டத்தைச் சுவரில் பொருத்தி, பள்ளத்தில் ரப்பர் உறையிட்ட ஒயரைக் கிடத்தி, மேலே மரமூடி வைத்துத் திருகாணியால் முடுக்கினர். இதனைத் தொழிலாளர் கேசிங் என்பர். அதன் பின்னர்த் தேக்குப் பட்டையின் மீது சிறு கிளிப்புகளை அடித்து, அவற்றின் பிடியில் ஒயரைப் படியவைக்கும் முறை பரவிற்று. கோட்டையைச் சூழ்ந்த பழைய தெருக்களில், ஓட்டுக்கூரையும் மர மச்சும் உடைய இல்லங்களில், இவ்வகை வேலையை இன்றும் சிற்சில இடங்களில் காணலாம். ஒயரின் வழி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கே பழுதோ அங்கே மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். தச்சுக் கை படிந்த ஒருவர், ஏணியும் பொறுமையும் உடையவராயின், தாமே அதைச் செய்து முடிக்கலாம்.

ஒயரை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தபோதுதான் இரண்டு முனைகள் பிறந்தன. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில், எடிசனின் கூட்டாளியாயிருந்த எட்வர்டு ஜான்சன் முதலியோர், தார் ஊறிய காகிதக் குழாய்களைச் சுவருக்குள் பதிக்கும் முறையைக் கொணர்ந்தனர். முதலில் வெறுங்குழாய், பின்னர் அதனுள் ஒயர் என்பதே இம்முறையின் சாரம். காகிதத்துக்குப் பின் எஃகும், எஃகுக்குப் பின் பி.வி.சி.யும் வந்தன. நம் நாட்டில் சிமெண்டுக் கூரைகள் பெருகப் பெருகக் குழாயும் கூரைக்குள்ளேயே புதைந்தது. ஒரு முனை சுவிட்சுப் பெட்டியில், மற்றது அடுத்த அறையின் விளக்குப் பெட்டியில். இடையில் நிகழ்வது எவர் கண்ணுக்கும் புலனாகாது. ஆகவே ஒருவர் இங்கே ஒயரைச் சிக்கின்றி ஊட்டவும், மற்றொருவர் அங்கே இழுக்கவும் வேண்டியதாயிற்று.

இரண்டாம் ஆள் ஏன் இன்றியமையாதவர் ஆனார்? உராய்வே காரணம். ஒரு காலத்தில் படகுகள் வந்தடைந்த நம் வள்ளக்கடவை நினைத்துக்கொள்ளுங்கள். கனத்த படகின் கயிற்றை ஒரு தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், ஒற்றை ஆள் அப்படகை நிறுத்திவிடுவான். வளைவுதோறும் உராய்வு கூடுவதில்லை, பெருகுகின்றது. ஆய்லர் என்னும் கணித மேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த உண்மை இது. உராய்வு எண் 0.35 எனக் கொண்டால், ஒவ்வொரு நேர்கோண வளைவிலும் இழுவிசை ஏறத்தாழ 1.7 மடங்காகும். இரண்டு வளைவுகளில் மும்மடங்கு, நான்கு வளைவுகளில் ஒன்பது மடங்கு. நுழைவாயில் ஒரு கிலோ அளவே பிடிமானம் இருப்பினும், நான்கு வளைவுகளுக்கு அப்பால் இழுப்பவர் கையில் அது ஒன்பது கிலோவாகத் தெரியும். இரண்டு இழுப்பிடங்களுக்கு இடையே நான்கு நேர்கோண வளைவுகளுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்க மின்விதிகள் வரையறுத்திருப்பதன் காரணம் இதுவே. நுழைவாயில் நிற்பவர் சுருளைத் தளர்த்தி அந்த ஒரு கிலோவை அரைக் கிலோவாக்கினால், மறுமுனையின் ஒன்பதும் நாலரையாகிவிடும். கடையில் ஒயர் 90 மீட்டர்ச் சுருளாக வருகின்றது. அதனை உருட்டி அவிழ்க்காமல் பக்கவாட்டில் உருவினால் முறுக்கு விழும், முறுக்கு விழுந்த ஒயர் குழாயில் சிக்கும். மறுமுனை ஆளின் வேலை எளியதாகத் தோன்றினும், அதன் பயன் ஒன்பது மடங்கானது.

இக்கருவிகளோடு எனக்கு நேர்ந்த முதல் அறிமுகம் ஒரு பிழையால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டட வேலையின் விவரக்குறிப்பைத் தமிழாக்க நேர்ந்தது. புதைகுழாய்களுக்குள் ‘ஃபிஷ் ஒயர்’ விட்டுவைக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதனை ‘மீன்கம்பி’ என்று எழுதிவிட்டேன். மீனுக்கும் சுவருக்கும் யாது தொடர்பு என்ற ஐயம் எனக்கு எழாமலில்லை. எழுந்தும் கேட்கவில்லை. பின்னர் என் வீட்டில் வேலை செய்ய வந்த ஒயர்மேன் ஒருவர், தலைப்பை வளைத்துக் கொக்கியாக்கிய எஃகுக் கம்பியைக் குழாய்க்குள் செலுத்தித் துழாவிக் கொண்டிருந்தபோதுதான், அச்சொல்லில் உள்ளது மீனன்று, மீன்பிடித்தல் என்று தெளிந்தது. தூண்டிற்கம்பி என்றல்லவா நான் எழுதியிருக்க வேண்டும்! அகராதி தராத பொருளை அவருடைய கை தந்தது.

இத்தூண்டிற்கம்பியே தனியாக உழைப்பவரின் முதல் துணை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிகள், குழாயைப் பதிக்கும்போதே துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுவைக்குமாறு பணிக்கின்றன. கட்டடம் எழும் வேளையில் எவரோ செய்துவைத்த இந்த உதவி, ஆண்டுகள் கழித்து வரும் முகமறியாத ஒயர்மேனுக்குப் பயன்படுகின்றது. அது இல்லாத இடத்தில், சக்கரத்தில் சுற்றிய தட்டையான எஃகு நாடாவையோ, கடைக்காரர்கள் ‘ஸ்பிரிங்’ என்று விற்கும் நைலான் நாடாவையோ செலுத்துவர். எஃகு விறைப்பானது. ஆயினும் அது மின்சாரத்தைக் கடத்தும். உயிருள்ள ஒயர்கள் கிடக்கும் பெட்டிக்குள் அது தலைநீட்டினால், இம்முனையில் பிடித்திருப்பவரின் உயிருக்கே கேடு. நைலானும் கண்ணாடியிழைக் கோலும் மின்சாரம் கடத்தாதவை. மறுமுனையில் எச்சரிக்க ஆளில்லாதவருக்கு இவ்வேறுபாடு பெரிது.

ஏனைய துணைகளும் இவ்வாறே ஒவ்வொன்றாக வந்தன. சுருளைத் தானே சுழன்று அவிழவிடும் தாங்கி, ஊட்டும் ஆளின் இடத்தைப் பிடித்தது. உராய்வைக் குறைக்க, வழுவழுப்பான மாக்கல் பொடி தூவப்பட்டது. ரப்பர் உறைக்கு எண்ணெய் பகையாதலின் எண்ணெய் விலக்கப்பட்டது. நெடுங்குழாய்களில், சிறு பஞ்சுருண்டையில் நூலைக் கட்டி ஒரு வாயில் வைத்துவிட்டு, மறு வாயில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை இயக்கினால், காற்றே அந்த எறும்பின் வேலையைச் செய்துவிடுகின்றது. கனத்த கேபிளைப் பற்றுவதற்கு, இழுக்க இழுக்க இறுகும் வலைப்பின்னல் உறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் விவியன் கெல்லம்ஸ் என்னும் பெண்மணி, தம் சகோதரர் அமைத்த இத்தகைய பிடியைச் செய்து விற்க 1927-இல் தொழிற்கூடம் நிறுவினார்.

நம் நகரத்துக் கட்டடக் கலையும் இதில் ஒரு பங்கு கொண்டது. லாரி பேக்கர் என்னும் பெரியார் 1970-ஐ ஒட்டி இங்குக் குடியேறி, 2007-இல் மறையும் வரை, பூச்சில்லாத செங்கற் சுவர்களை எழுப்பி வந்தார். செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, நடுவே வெற்றிடம் விடும் கட்டுமுறையை அவர் பரப்பினார். செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகும் அம்முறையில், அவ்வெற்றிடமே குழாய்க்கும் இடமளிக்கும். பூச்சுள்ள சுவரை வெட்டிப் பூசி மறைக்கலாம். பூச்சில்லாச் சுவரில் வெட்டிய வடு என்றும் நிற்கும். ஆகவே அத்தகைய வீட்டில் பழைய ஒயரை மாற்ற வேண்டுமாயின், உடைக்காமல் உருவி, உருவும் போதே புதியதை இழுத்துக்கொள்ளும் திறமையே வழி.

இவ்வளவும் நன்மையே. ஆயினும் இக்கருவிகளின் வரலாறு மற்றொரு மனிதனின் மறைவின் வரலாறும் ஆகும். என் வீட்டுக்கு வந்த அந்த ஒயர்மேன் ஐம்பதைக் கடந்தவர். ‘மறுமுனையில் நின்றுதான் சார் நான் தொழில் படித்தேன்’ என்றார். அவருடைய ஆசான் அடுத்த அறையிலிருந்து ‘வலி’ என்று குரல் கொடுப்பாராம். நம் செவிக்கு அச்சொல் நோவைக் குறிப்பதாகப் படலாம். மலையாளத்தில் அது ‘இழு’ என்பதாம். துடுப்பு வலித்தல் என்னும் தமிழ் வழக்கிலும் அப்பொருள் உண்டன்றோ! ‘வலி’ என்றால் இழுப்பதும், ‘நில்’ என்றால் நிற்பதும், குழாயின் நடுக்கத்தைக் கொண்டே வளைவை எண்ணுவதும் அவருக்குப் பள்ளிப் பாடமாயின. 1950 முதல் மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டம் உண்டு. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. மாநில உரிமக் குழுவின் சான்றும் உண்டு. இவை அனைத்தும் தேவையானவை. எனினும் ஏட்டில் இல்லாத ஒரு பாடம் மறுமுனையில் கிடைத்தது. இன்று உதவியாளருக்குக் கூலி தரும் அளவுக்குச் சிறு வேலையில் வருவாய் இல்லை. ஆகவே நைலான் நாடாவும் சுழல் தாங்கியும் அவருக்குப் பிழைப்பளித்தன. அவர் நின்று கற்ற இடத்தில் நிற்க இன்று ஒரு பையன் இல்லை.

கற்பிக்கும் ஆள் மட்டுமன்று, காக்கும் ஆளும் அங்கேதான் நின்றான். மெயின் சுவிட்சை எவரும் தொடாமல் பார்த்துக்கொள்வதும், ஏணியில் நிற்பவர் பேச்சு நின்றால் ஓடிவருவதும் மறுமுனை ஆளின் பொறுப்பாயிருந்தன. நாடா இழுக்கும், தாங்கி சுழலும், காற்று நூலைக் கொண்டு செல்லும். இவற்றுள் எதுவும் கூவி எச்சரிக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம் இன்று உண்டு; அது பேருதவி. ஆனால் இரு கம்பிகளையும் ஒருங்கே பற்றிவிட்டவரை அதுவும் காப்பதற்கில்லை.

ஆதலின் தனித்துழைப்பவரை வீட்டுக்கு அழைக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. அவர் வேலை முடியும் வரை மெயின் சுவிட்சின் அருகே வீட்டார் ஒருவர் இருக்கவேண்டும். குழந்தைகளை அங்கே விடலாகாது. இடையிடையே ஒரு குரல் கொடுத்து, பதில் வருகின்றதா என்று கேட்கவேண்டும். செலவில்லாத உதவி இது.

அன்று அந்த ஒயர்மேன் வேலையைத் தொடங்குமுன், மெயின் பலகையிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார். ‘என் பையில் இருக்கும் வரை யாரும் போட முடியாது, சார்’ என்றார். மறுமுனையில் ஆளில்லாதவர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட காவல் அது. பிறகு, ‘ஆனாலும் நீங்கள் இங்கேயே நில்லுங்கள்’ என்று சொல்லி ஏணியில் ஏறினார். நான் நின்றேன்.